பழைய சிஸ்டம்ல ஓடின ஹார்ட் டிஸ்க், புது சிஸ்டம்ல "ஆக்சஸ் டினைடு"ங்குதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது லேப்டாப் வாங்கியாச்சு, பழைய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை சொருகினா ஃபோல்டர் பேரெல்லாம் வரிசையா தெரியுது, டபுள் கிளிக் பண்ணா மட்டும் உங்களுக்கு பர்மிஷன் இல்லனு சொல்லுது. ராயபுரம், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைனு நம்ம பக்கத்து ஆளுங்க இதையே திரும்ப திரும்ப கேக்கறதால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சிடறேன். முக்கால்வாசி விண்டோஸ் பத்திதான், மேக், லினக்ஸ் கடைசில கொஞ்சம் இருக்கு. யாராவது "ஃபார்மேட் பண்ணா சரியாயிடும்"னு சொன்னா இத படிச்சு முடிக்கற வரைக்கும் கைய வெக்க விடாதீங்க.

அண்ணா, டிஸ்க் என்னுது, ஃபோட்டோ என்னுது, காப்பி பண்ணதும் நான்தான். எனக்கே பர்மிஷன் இல்லனா இன்னா அர்த்தம்?

விண்டோஸுக்கு உங்க பேரு முக்கியமே இல்லங்க. நீங்க ஒரு யூசர் அக்கவுண்ட் போடும்போது அது உள்ள ஒரு நீளமான நம்பர் உருவாக்கும், எஸ்ஐடினு சொல்வாங்க, எஸ்-1-5-21னு ஆரம்பிச்சு பெரிய பெரிய நம்பரா போய் கடைசில 1001 மாதிரி ஒரு சின்ன நம்பர்ல முடியும். விண்டோஸ் வழக்கமா யூஸ் பண்ற என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்ல இருக்கற டிஸ்க்ல ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓனர் யாரு, யாரு படிக்கலாம், யாரு எழுதலாம்னு ஒரு லிஸ்ட் டிஸ்க்லயே எழுதி இருக்கும், அந்த லிஸ்ட்ல இருக்கறது இந்த நம்பர்தான். புது கம்ப்யூட்டர்ல உங்க நம்பர் வேற. ஒரு ஹார்பர்ல கொடுத்த கேட் பாஸை எடுத்துகினு போய் இன்னொரு ஹார்பர் கேட்ல நீட்டினா ஆளு அதே ஆளா இருந்தாலும் உள்ள விடுவாங்களா, அந்த கதைதான் இது.

கண்ணால பாக்கணும்னா அந்த ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் போய் செக்யூரிட்டி டேப் பாருங்க. பேரு இருக்க வேண்டிய இடத்துல கேள்விக்குறி போட்ட ஒரு பொம்மையும் பக்கத்துல "அக்கவுண்ட் அன்னோன்"னு போட்டு அந்த நீள நம்பரும் நிக்கும். அதுதான் உங்க பழைய நீங்க.

பழைய சிஸ்டம்ல வெச்ச அதே பேரு, அதே பாஸ்வேர்ட் போட்டு புதுசுல அக்கவுண்ட் ஓபன் பண்ணா?

வேலைக்கு ஆவாது. நம்பர் விண்டோஸ் இன்ஸ்டால் ஆகும்போது புதுசா போடறது. அதனாலதான் கம்ப்யூட்டரே மாத்தாம விண்டோஸ் மட்டும் ஃப்ரெஷ்ஷா போட்டவங்களுக்கும் இதே பிரச்னை வருது, "நான் ஒண்ணுமே மாத்தலயே"னு அவங்க தலைய பிச்சிக்கிறது வேற.

என் ஃப்ரெண்ட் டிஸ்க்கை எந்த சிஸ்டம்ல சொருகினாலும் ஓபன் ஆவுது, என்னுது மட்டும் ஏன் இப்படி?

நல்ல கேள்வி, இத யாரும் கேக்கறதே இல்ல. ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, அவர் டிஸ்க் எக்ஸ்ஃபேட் இல்லனா ஃபேட்32 ஃபார்மேட்ல இருக்கும், அதுல ஓனர் பர்மிஷன் எழுதி வெக்கற இடமே கிடையாது, அதனால யாரு சொருகினாலும் திறக்கும். ரெண்டாவது, என்டிஎஃப்எஸ்ஸா இருந்தாலும் புது டிஸ்க்கை விண்டோஸ்ல ஃபார்மேட் பண்ணும்போது பொதுவா "ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸ்"ங்கற பொது குரூப்புக்கு மாத்தி எழுதற உரிமை வரைக்கும் கொடுத்துடும், அந்த குரூப்போட நம்பர் எஸ்-1-5-11, உலகத்துல எல்லா விண்டோஸ்லயும் அதே நம்பர்தான். சி டிரைவ்லேர்ந்து அதுக்குள்ள நீங்க சாதாரணமா காப்பி பேஸ்ட் பண்ணா ஃபைல் போய் சேர்ற இடத்து பர்மிஷனை எடுத்துக்கும், அதனால பிரச்னையே வராது.

அப்ப யாருக்குதான் வருது? நான் பாத்த வரைக்கும் மூணு கூட்டம். பழைய லேப்டாப்போட உள்ள இருந்த டிஸ்க்கை கழட்டி கேசிங்ல போட்டு எக்ஸ்டர்னலா யூஸ் பண்றவங்க, அரசு கொடுத்த இலவச லேப்டாப் போர்டு போயிடுச்சுனு டிஸ்க்கை மட்டும் காப்பாத்தி வெச்சிருக்கற பசங்க இதுல நிறைய. அடுத்தது பேக்கப் சாஃப்ட்வேர் வெச்சு காப்பி எடுத்தவங்க, அதுங்கள்ல சிலது பர்மிஷனையும் சேர்த்தே தூக்கிட்டு வந்து டிஸ்க்ல எழுதி வெச்சிடும். மூணாவது ஆபீஸ் சிஸ்டம்ல "எனக்கு மட்டும் தெரியணும்"னு ஒரு ஃபோல்டரோட செக்யூரிட்டியை கைல மாத்தி வெச்சிட்டு வேலைய விட்டுட்டு வந்தவங்க.

இது பர்மிஷன் பிரச்னைதானா, டிஸ்க்கே போயிடுச்சானு எப்படி தெரிஞ்சிக்கிறது?

இங்கதான் எல்லாரும் அவசரப்படறாங்க. ஸ்க்ரீன்ல வர்ற மெசேஜை முழுசா படிங்க, சைஸ் சின்னதா இருந்தாலும் விஷயம் அதுலதான் இருக்கு.

"யூ டோன்ட் கரன்ட்லி ஹேவ் பர்மிஷன்" இல்ல "ஆக்சஸ் ஈஸ் டினைடு"னு வந்தா, ஃபோல்டர் பேரும் மத்த ஃபோல்டருங்களும் ஒழுங்கா இருந்தா, பெரும்பாலும் பர்மிஷன். காசு செலவில்லாம வீட்லயே முடியும்.

டிஸ்க்கை திறக்கும்போதே பாஸ்வேர்ட் இல்ல ரெகவரி கீ கேட்டா அது பெரும்பாலும் பிட்லாக்கர், டிஸ்க்கையே பூட்டி வெக்கற விண்டோஸ் என்க்ரிப்ஷன். பாஸ்வேர்ட் தெரியலனா அதுக்கு 48 இலக்க கீ வேணும். கீழ சொல்றேன்.

"டேட்டா எரர், சைக்ளிக் ரிடன்டன்சி செக்", "ஐ ஓ டிவைஸ் எரர்", "கரப்டட் அண்ட் அன்ரீடபிள்", "யூ நீட் டு ஃபார்மேட் த டிஸ்க்"னு இதுல எது வந்தாலும் பர்மிஷன் பக்கமே போகாதீங்க. சில நேரம் கேபிள் மட்டும் லூஸா இருக்கும், வேற கேபிள், வேற யூஎஸ்பி போர்ட் போட்டு பாருங்க. நம்ம காசிமேடு, திருவொற்றியூர் கடல் ஓரத்து வீடுங்கள்ல உப்புக்காத்துல போர்ட் உள்ள இருக்கற தகடு பச்சை பிடிச்சு போறது சகஜம், டார்ச் அடிச்சு பாத்தாலே தெரியும். டிக் டிக்னு சத்தம் வந்தா உடனே பிடுங்கிடுங்க. ஓனர் மாத்தற வேலை டிஸ்க்ல இருக்கற ஒவ்வொரு ஃபைலோட விவரத்தையும் தொட்டு எழுதற வேலை, சாகக் கிடக்கற டிஸ்க்ல அத ஓட்டினா மிச்ச உயிரும் போயிடும். முதல்ல காப்பி, அப்புறம்தான் மத்தது.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் தண்ணி வீட்டுக்குள்ள வந்தப்போ நனைஞ்ச டிஸ்க்கை இன்னும் எடுத்து வெச்சிருக்கறவங்களுக்கும் இதேதான், "காஞ்சிடுச்சு, ஒரு தடவ போட்டு பாக்கலாம்"னு கரண்ட் கொடுக்காதீங்க, டேட்டா ரெகவரி பண்றவங்க கிட்ட அப்படியே கொடுங்க.

"கன்டின்யூ" பட்டன் ஒண்ணு வருதே, அத அழுத்தலாமா?

அழுத்தலாம். அது உங்க புது அக்கவுண்ட் நம்பரை அந்த ஃபோல்டரோட லிஸ்ட்ல நிரந்தரமா சேர்க்கும், அவ்வளவுதான். சின்ன ஃபோல்டர்னா உடனே திறந்துடும். பெரிய ஃபோல்டர்னா மேல பச்சை கோடு நத்தை மாதிரி ஊரும், தொங்கிடுச்சுனு நெனச்சு நடுவுல கேபிளை புடுங்கிடாதீங்க. கன்டின்யூ அழுத்தியும் மறுபடி டினைடுனு வந்தா அடுத்த கேள்விக்கு வாங்க.

முழு ஸ்டெப் சொல்லுங்க ப்ரோ, எங்க கிளிக் பண்ணணும்?

முதல்ல அட்மின் அக்கவுண்ட்ல லாகின் ஆகி இருக்கணும். பிரச்னை இருக்கற ஃபோல்டர் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, கீழ அட்வான்ஸ்ட். மேலயே ஓனர்னு ஒரு வரி இருக்கும், பேரு வராம நம்பரோ "அனேபிள் டு டிஸ்ப்ளே"னோ இருக்கும், பக்கத்துல சேஞ்ச்னு நீல எழுத்து. அத அழுத்தி வர்ற பெட்டியில உங்க யூசர் பேரை டைப் பண்ணி செக் நேம்ஸ் அழுத்துங்க, பேருக்கு கீழ கோடு விழுந்தா சரி. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்றவங்க பேரு அடிச்சு வரலனா ஈமெயில் ஐடிய அடிச்சு பாருங்க. ஓகே குடுத்த உடனே ஓனர் வரிக்கு கீழ "ரீப்ளேஸ் ஓனர் ஆன் சப்கன்டெய்னர்ஸ் அண்ட் ஆப்ஜெக்ட்ஸ்"னு ஒரு டிக் பாக்ஸ் புதுசா முளைக்கும், அத டிக் பண்ணாம விட்டா வெளி ஃபோல்டர் மட்டும் உங்களுதாகி உள்ள இருக்கறது எல்லாம் பழைய ஆள் பேர்லயே இருக்கும். டிக் பண்ணி அப்ளை.

இப்ப ஒரு சின்ன விஷயம், நிறைய பேரு இங்கதான் மாட்டறாங்க: எல்லா விண்டோவையும் மூடிட்டு மறுபடி ப்ராப்பர்ட்டீஸ்லேர்ந்து ஆரம்பிங்க. ஓனர் ஆனா மட்டும் படிக்கற உரிமை வந்துடாது, உரிமையை மாத்தற அதிகாரம்தான் வரும். திரும்ப செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட், ஆட், "செலக்ட் ஏ ப்ரின்சிபல்", உங்க பேரு, ஃபுல் கன்ட்ரோல் டிக், ஓகே. கீழ "ரீப்ளேஸ் ஆல் சைல்ட் ஆப்ஜெக்ட் பர்மிஷன் என்ட்ரீஸ்"னு ஆரம்பிக்கற டிக்கையும் போட்டு அப்ளை. கல்யாண ஆல்பம் வீடியோ வேலை பண்றவங்க டிஸ்க்லாம் இதுக்கு ரொம்ப நேரம் எடுக்கும், லேப்டாப் சார்ஜர்ல இருக்கட்டும், ஸ்லீப் போகாம பாத்துக்கோங்க.

லட்சக்கணக்குல ஃபைல் இருக்கு, நடுவுல நடுவுல எரர் பெட்டி வந்து நிக்குது. வேற வழி?

கமாண்ட் ப்ராம்ப்ட் இருக்கு. ஸ்டார்ட்ல சி எம் டினு அடிச்சு "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" குடுத்து திறங்க, சும்மா திறந்தா வேலை செய்யாது. ரெண்டு கமாண்ட் வேணும். முதல்ல "டேக்ஓன்", அதுக்கு ஸ்லாஷ் எஃப் போட்டு ஃபோல்டர் பாதை, உள்ள இருக்கறதுக்கும் சேர்த்து ஸ்லாஷ் ஆர், கேள்வி கேட்டு நிக்காம இருக்க ஸ்லாஷ் டி (D) போட்டு ஒய். இதோட ஸ்லாஷ் ஏ சேர்க்கறது என் பழக்கம், அப்படி பண்ணா ஓனரா உங்க தனி அக்கவுண்ட் வராம அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குரூப் வரும். அந்த குரூப்புக்கும் எல்லா விண்டோஸ்லயும் ஒரே நம்பர், எஸ்-1-5-32-544. நாளைக்கு இன்னொரு சிஸ்டம் மாத்தினாலும் ஓனர் அனாதையா நிக்க மாட்டாரு.

ரெண்டாவது "ஐ சி ஏ சி எல் எஸ்"னு எழுத்து எழுத்தா அடிக்கற கமாண்ட். அதுக்கு ஃபோல்டர் பாதை கொடுத்து ஸ்லாஷ் ரீசெட், ஸ்லாஷ் டி (இது T), ஸ்லாஷ் சி. இதுல ரீசெட்ங்கறது ஃபைல் ஒவ்வொண்ணுலயும் ஒட்டிகினு இருக்கற பழைய லிஸ்ட்டை தூக்கிட்டு மேல் ஃபோல்டர்ல என்ன உரிமை இருக்கோ அத இறக்கும், டி உள்ள எல்லாத்துக்கும், சி எரர் வந்தாலும் நிக்காம ஓடறதுக்கு. மேல் ஃபோல்டர்லயே உங்களுக்கு உரிமை இல்லனா முதல்ல அங்க குடுங்க. ஃபோல்டர் பேர்ல ஸ்பேஸ் இருந்தா பாதைய டபுள் கோட்ஸ்குள்ள போடணும்.

டிரைவ் எழுத்தை ரெண்டு தடவ பாத்து அடிங்க. எக்ஸ்டர்னல் டிஸ்க் இ-யா எஃப்-ஆனு மாறிட்டே இருக்கும். சி டிரைவ் மேல இத ஓட்டினா விண்டோஸோட சொந்த பர்மிஷன் மொத்தமும் குழம்பி, மறுபடி விண்டோஸ் போடற நிலைமைக்கு வந்துடுவீங்க.

நான்தான் அட்மினாச்சே, அப்புறம் ஏன் டினைடுனு காட்டணும்?

விஸ்டா காலத்துலேர்ந்து அட்மினா இருந்தாலும் எக்ஸ்ப்ளோரர் சாதாரண யூசர் அதிகாரத்துலதான் ஓடும். அதிகாரம் வேணும்ங்கறப்போ ஸ்க்ரீன் மங்கி "யெஸ், நோ" கேக்குதே, அப்பதான் முழு அட்மின் ஆகறீங்க.

பழைய லேப்டாப் டிஸ்க்கை கேசிங்ல போட்டிருக்கேன். எந்த ஃபோல்டரை திறக்கணும்?

யூசர்ஸ் ஃபோல்டர் உள்ள உங்க பழைய பேர்ல ஒரு ஃபோல்டர் இருக்கும், உங்க டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் அதுக்குள்ளதான். அது ஒண்ணுக்கு மட்டும் ஓனர் மாத்துங்க, முழு டிரைவுக்கும் பண்ண வேண்டாம். "டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்"னு ஒண்ணு தெரிஞ்சு அது திறக்கலனு போராடாதீங்க, அது ஃபோல்டரே கிடையாது, பழைய சாஃப்ட்வேருங்களுக்காக வெச்சிருக்கற வழிகாட்டி மட்டும், வேணும்னேதான் திறக்காத மாதிரி வெச்சிருக்காங்க. "சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்" பக்கமும் போகாதீங்க.

அந்த டிஸ்க் பிட்லாக்கர் கீ கேட்டா பயப்படாதீங்க, நீங்க ஆன் பண்ணலனாலும் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ண லேப்டாப்புங்க நிறைய தானாவே ஆன் பண்ணி வெச்சிருக்கும். அப்படி ஆன் ஆனா கீ அந்த அக்கவுண்ட்லயே சேவ் ஆயிருக்கும், எந்த ஈமெயில்ல லாகின் பண்ணீங்களோ அதுல போய் ரெகவரி கீ பக்கத்துல பாருங்க. ஆபீஸ் லேப்டாப்னா ஆபீஸ் ஐடி ஆளுங்க கிட்ட இருக்கும். கீ எங்கயுமே இல்லனா திறக்க வழி இல்ல, "நான் திறந்து தரேன்"னு காசு கேக்கறவங்க கிட்ட ஏமாறாதீங்க.

ஓனர் மாத்திட்டேன், ஃபுல் கன்ட்ரோலும் இருக்கு, சில ஃபைல் மட்டும் இன்னும் திறக்கல. ஐகான்ல சின்ன பூட்டு தெரியுது.

அது ஈஎஃப்எஸ்ங்கற என்க்ரிப்ஷன். பழைய விண்டோஸ்ல ஃபைல் பேரு பச்சை கலர்ல தெரியும், இப்ப பூட்டு படம். இத திறக்கற சர்டிஃபிகேட் பழைய விண்டோஸ்ல உங்க அக்கவுண்ட்குள்ள இருக்கு. பழைய சிஸ்டம் இன்னும் ஓடுதுனா அதுல சொருகி ஃபைல் ப்ராப்பர்ட்டீஸ், ஜெனரல் டேப், அட்வான்ஸ்ட் போய் என்க்ரிப்ட் டிக்கை எடுத்துட்டு வாங்க, முடிஞ்சுது. பழைய விண்டோஸை ஃபார்மேட் பண்ணியாச்சு, சர்டிஃபிகேட் பேக்கப்பும் இல்லனா அந்த ஃபைலை மறந்துட வேண்டியதுதான், வேற மாதிரி சொல்லி உங்கள அலைய விட எனக்கு மனசு இல்ல. அதனாலதான் பழைய சிஸ்டத்தை வித்துடறதுக்கு முன்னாடி டிஸ்க்கை புதுசுல சொருகி நாலு ஃபைலாவது திறந்து பாருங்கனு சொல்றது.

ப்ராப்பர்ட்டீஸ்ல "ரீட் ஒன்லி"னு பாக்ஸ்ல கருப்பா இருக்கு, எடுத்தா மறுபடி வந்துடுது?

விட்டுடுங்க. ஃபோல்டருக்கு அந்த பாக்ஸ் எப்பவும் அப்படித்தான் காட்டும், அதுக்கும் உங்க பிரச்னைக்கும் சம்பந்தம் இல்ல.

திறக்குது, ஆனா எடிட் பண்ணி சேவ் பண்ண முடியல.

எந்த சாஃப்ட்வேர்ல சேவ் பண்ண முடியலனு பாருங்க. நோட்பேட்ல ஒரு ஃபைல் போட்டு அதே ஃபோல்டர்ல சேவ் ஆகுது, ஃபோட்டோ எடிட்டர்ல மட்டும் ஆகலனா, விண்டோஸ் செக்யூரிட்டில "கன்ட்ரோல்ட் ஃபோல்டர் ஆக்சஸ்"னு ஒண்ணு ஆன்ல இருக்கலாம், அதுல அந்த சாஃப்ட்வேரை அலோ பண்ணுங்க. எதுலயுமே ஆகலனா உங்களுக்கு படிக்கற உரிமை மட்டும்தான் இருக்கு, ஃபுல் கன்ட்ரோல் ஸ்டெப்பை திரும்ப பண்ணுங்க. மெமரி கார்டுனா ஓரத்துல இருக்கற லாக் ஸ்விட்ச்சை முதல்ல பாத்துடுங்க, சிரிக்காதீங்க, நிறைய நேரம் அதுதான்.

விண்டோஸ்லேர்ந்து மேக் மாறிட்டேன், டிஸ்க்ல எதுவும் எழுத முடியல.

பர்மிஷன் பிரச்னையே இல்ல இது. மேக் என்டிஎஃப்எஸ்ஸை படிக்கும், எழுதாது. வேற டிஸ்க்ல காப்பி எடுத்துட்டு இத எக்ஸ்ஃபேட்டா மாத்திக்கோங்க. மேக்லேர்ந்து மேக் மாறினவங்களுக்குனா வழி சுலபம்: டிஸ்க்கை செலக்ட் பண்ணி கெட் இன்ஃபோ, கீழ ஷேரிங் அண்ட் பர்மிஷன்ஸ்ல பூட்டை திறந்து "இக்னோர் ஓனர்ஷிப் ஆன் திஸ் வால்யூம்" டிக் பண்ணுங்க. டைம் மெஷின் பேக்கப் இருக்கற டிஸ்க்ல மட்டும் இத தொடாதீங்க.

உபுண்டு லினக்ஸ் யூஸ் பண்றேன், இங்க ஒரு டிஸ்க் பர்மிஷன் இல்லங்குது, இன்னொண்ணு ரீட் ஒன்லிங்குது.

ஆமா, ரெண்டும் வேற வேற. டிஸ்க் லினக்ஸோட சொந்த ஃபார்மேட்டான இஎக்ஸ்டி4னா அதுல யூசர் நம்பர் எழுதி இருக்கும், உபுண்டுல முதல் யூசருக்கு 1000. ரெண்டு சிஸ்டம்லயும் நீங்கதான் முதல் யூசர்னா பிரச்னையே தெரியாது, ரெண்டாவது யூசரா இருந்தாதான் இடிக்கும், அப்ப சூடோ (அட்மின் அதிகாரம்) போட்டு ஓனர் மாத்தற சிஹெச் ஓன் கமாண்ட் ஒரு தடவ ஓட்டினா போதும். எல்லாத்துக்கும் 777 (யாரு வேணா என்ன வேணா பண்ணலாம்ங்கற உரிமை) குடுன்னு சொல்றவங்க பேச்சை கேக்காதீங்க.

டிஸ்க் என்டிஎஃப்எஸ்ஸா இருந்து லினக்ஸ்ல ரீட் ஒன்லியா வந்தா, பெரும்பாலும் விண்டோஸ்ல ஒழுங்கா எஜெக்ட் பண்ணாம பிடுங்கினது இல்லனா விண்டோஸ் 8லேர்ந்து வர்ற ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ்ல திரும்ப சொருகி எஜெக்ட் பண்ணுங்க, இல்ல ஷிஃப்ட் பிடிச்சுகினு ஷட் டவுன் குடுங்க.

இனிமே இது வராம இருக்க எந்த ஃபார்மேட்ல வெச்சிக்கிறது?

நாலு சிஸ்டம், டிவினு சுத்தற டிஸ்க்னா எக்ஸ்ஃபேட். ஃபேட்32 வேணாம், அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல ஏறாது, கல்யாண வீடியோ எல்லாம் அங்கயே நின்னுடும். எக்ஸ்ஃபேட்ல ஒரு குறை, எழுதிகினு இருக்கும்போது கரண்ட் போனாலோ கேபிள் புடுங்கினாலோ என்டிஎஃப்எஸ் அளவுக்கு தன்னை தானே சரி பண்ணிக்காது, அதனால எஜெக்ட் பண்ற பழக்கம் இருக்கறவங்களுக்குதான் அது. ஒரே வீட்டு விண்டோஸ்ல மட்டும் ஓடற பேக்கப் டிஸ்க்னா என்டிஎஃப்எஸ்லயே விட்டுடலாம். ஃபார்மேட் மாத்தினா உள்ள இருக்கறது போயிடும், காப்பி எடுத்துட்டு மாத்துங்க.

அப்போ என் டிஸ்க் தொலைஞ்சா, எடுத்தவன் இதே மாதிரி ஓனர் மாத்தி எல்லாத்தையும் பாத்துடுவானா?

பாத்துடுவான். அவன் சிஸ்டம்ல அவன்தான் அட்மின், மேல சொன்ன ஸ்டெப்பு அவனுக்கும் வேலை செய்யும். ஸ்டூடியோ வெச்சிருக்கறவங்க கஸ்டமர் ஃபோட்டோவை எடுத்துகினு பஸ்ல ட்ரெயின்ல போறீங்கனா பிட்லாக்கர் டு கோ போட்டு வெச்சிக்கோங்க. விண்டோஸ் ப்ரோல இருந்துதான் புதுசா போட முடியும், ஹோம்ல அத திறக்கவும் எழுதவும் முடியும், போட முடியாது. அது கொடுக்கற 48 இலக்க கீயை பிரின்ட் எடுத்து வீட்ல பத்திரம் வெக்கற இடத்துல வைங்க, அதே டிஸ்க்குள்ளயே சேவ் பண்ணி வெக்காதீங்க.

எனக்கு இதெல்லாம் கை வராது, கடையில குடுத்தா எவ்ளோ கேப்பாங்க?

கடைக்கு கடை மாறும், அத நான் சொல்ல மாட்டேன். குடுக்கறதுக்கு முன்னாடி "ஃபார்மேட் பண்ணாம ஓனர் மட்டும் மாத்தி குடுப்பீங்களா"னு வாயால கேட்டு, பில்லுலயும் டேட்டா வேணும்னு எழுதி வாங்கிக்கோங்க. முடிஞ்சா அங்கயே உக்காந்து உங்க கண்ணு முன்னாடி பண்ண சொல்லுங்க, ஃபோல்டர் பெருசா இருந்தா ஒரு டீ குடிச்சுட்டு வந்தும் பாக்கலாம். "டேட்டா ரெகவரி"னு ஆரம்பத்துலயே பெரிய ரேட் பேசினாங்கனா டிஸ்க்கை கையோட எடுத்துகினு வந்துடுங்க, மெசேஜ் "ஆக்சஸ் டினைடு"னு மட்டும் இருக்கற டிஸ்க்குக்கு ரெகவரி தேவையே இல்ல.